அலுவலகத்தின் அப்டேட்டும் ஊழியரின் டேட்டாவும்

மாதந்தோறும் இரண்டாவது செவ்வாய்க்கிழமை, அமெரிக்காவின் மேற்குக் கரையில் காலை பத்து மணியாகும்போது, மைக்ரோசொஃப்ட் நிறுவனம் விண்டோஸ் மென்பொருளுக்கான பாதுகாப்புத் திருத்தங்களை வெளியிடுகின்றது. 2003 ஒக்டோபரில் தொடங்கிய வழக்கம் இது. திருத்தங்கள் எப்போது வரும் என்று தெரியாமல் அலுவலகங்களின் கணினிப் பிரிவினர் அல்லற்பட்டுக்கொண்டிருந்த நிலையை மாற்றுவதற்காகவே இவ்வாறு ஒரு நாள் குறிக்கப்பட்டது. அந்த நேரம் இலங்கையில் செவ்வாய் இரவு பத்தரை மணி. அங்கே குளிர்காலமாயின் இங்கே பதினொன்றரை. நாம் பாயை விரிக்கும் வேளை.

இனி நமது நாட்டில் நீண்டகாலமாக விற்கப்பட்டுவந்த இணையப் பொதிகளை எண்ணிப் பாருங்கள். அவற்றிற் பல, பகல் டேட்டா, இரவு டேட்டா என்று இரண்டாகப் பிரிக்கப்பட்டவை. நள்ளிரவிலிருந்து காலை வரைக்கும் தாராளமாகக் கிடைக்கும். பகலில் அளந்துதான் கிடைக்கும். அதாவது, திருத்தம் வெளியாகி ஓரிரு மணி நேரத்துக்குள் நமது மலிவு நேரம் தொடங்கிவிடுகின்றது. இதைவிடச் சிறந்த பொருத்தம் இருக்க முடியுமா? ஆனால் அந்த நேரத்தில் ஊழியரின் மடிக்கணினி மூடிக் கிடக்கின்றது. புதன் காலை எட்டரைக்கு அவர் அதைத் திறக்கின்றார். மலிவு நேரம் முடிந்துவிட்டது, பதிவிறக்கம் தொடங்குகின்றது. பெறுமதி மிக்க பகல் டேட்டாவில், அலுவலகத்தின் கணினிக்கு, அலுவலகத்தின் பாதுகாப்புக்காக, ஊழியரின் சொந்தப் பணத்தில்.

வீட்டிலிருந்து வேலை செய்வது பற்றி 2020ஆம் ஆண்டு தொடக்கம் எத்தனையோ கட்டுரைகள் எழுதப்பட்டுவிட்டன. உடுப்பைப் பற்றி எழுதினார்கள். முதுகுவலியைப் பற்றி எழுதினார்கள். சூம் கூட்டத்தின் நடுவே குறுக்கே வந்த பூனையைப் பற்றியும் எழுதினார்கள். இந்த அப்டேட் விவகாரத்தைப் பற்றி எழுதியவர்கள் குறைவு. கணினிப் பிரிவினர் தங்களுக்குள் பேசிக்கொள்ளும் குழாய்வேலைச் சங்கதி என்று அது ஒதுக்கப்பட்டுவிட்டது போலும். யார் செலவழிப்பது, யார் தீர்மானிப்பது என்ற இரு கேள்விகள் இதற்குள் இருப்பதனால் இது குழாய்வேலை மட்டுமன்று என்பதே எனது கருத்து.

முதலில் கணக்கைப் பார்ப்போம். கொழும்பில் இருநூறு பேர் வேலை செய்யும் ஒரு நிறுவனம் என்று வைத்துக்கொள்வோம். மாதாந்தத் திருத்தம் ஒரு கணினிக்கு 600 மெகாபைட். அனைவரும் அலுவலகத்தில் இருக்கும் காலத்தில், அங்குள்ள சேவையகம் அந்தக் கோப்பை ஒரு தடவை மாத்திரம் இறக்கும். அலுவலக இணைப்பு 50 மெகாபிட் வேகமுடையதாயின் அதற்கு ஒன்றரை நிமிடத்துக்குச் சற்றுக் கூடுதலாகச் செல்லும். அதன்பின் இருநூறு கணினிகளும் உள்வலையமைப்பின் ஊடாக அதை எடுத்துக்கொள்ளும். வெளியே இணையத்துக்கு அது தெரியவே தெரியாது. ஊருக்குப் பொதுவாக ஒரு கிணறு இருந்தது போல.

அதே இருநூறு பேரும் வீடு சென்றுவிட்டார்கள். அவர்களின் மடிக்கணினிகள் வி.பி.என். என்னும் மறைவழி ஊடாக அலுவலகத்தோடு தொடுக்கப்பட்டுள்ளன. பழைய ஒழுங்கு மாற்றப்படவில்லை. திருத்தத்தை அலுவலகச் சேவையகத்திலிருந்துதான் எடுக்க வேண்டும் என்பது கட்டளை. இப்போது ஒவ்வொரு கணினிக்கும் தனித்தனியாக 600 மெகாபைட் அலுவலக இணைப்பின் ஊடாக வெளியே போக வேண்டும். மொத்தம் 120 ஜிகாபைட். அதே 50 மெகாபிட் இணைப்பில் வேறு எதுவுமே நடைபெறாவிட்டாலும் ஐந்து மணி இருபது நிமிடம். வேறு எதுவுமே நடைபெறாத அலுவலகம் எங்கே இருக்கின்றது? மாதாந்தத் திருத்தத்துக்குப் பதிலாக விண்டோஸின் முழுப் பதிப்பையே மாற்றும் 4 ஜிகாபைட் கோப்பு என்றால் முப்பத்தைந்தரை மணித்தியாலம். அந்த நேரம் முழுவதும் கணக்குப் பிரிவு தனது மென்பொருளைத் திறக்க முடியாமல் ‘இன்டர்நெட் ஸ்லோ’ என்று இணைய வழங்குநரைத் திட்டிக்கொண்டிருக்கும்.

2020 மார்ச்சில் உலகமே இந்தச் சுவரில் மோதிக்கொண்டது. இலங்கையில் மார்ச் 20ஆந் திகதி மாலை ஊரடங்குச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. ஏறக்குறைய அதே நாட்களில் ஐரோப்பிய ஆணையாளர் தியரி பிரெத்தோன் கேட்டுக்கொண்டதற்கிணங்க நெட்ஃபிளிக்ஸ் நிறுவனம் ஐரோப்பாவில் தனது காணொளிகளின் தரத்தைக் குறைத்தது. யூடியூப் முதலில் ஐரோப்பாவிலும் பின்னர் உலகெங்கிலும் அதைப் பின்பற்றியது. பிளேஸ்டேஷன் விளையாட்டுகளை இறக்கும் வேகத்தை சோனி ஐரோப்பாவில் மட்டுப்படுத்தியது. படம் பார்ப்போரும் விளையாடுவோரும் வேலை செய்வோருக்கு வழி விட வேண்டியிருந்தது. மைக்ரோசொஃப்ட் நிறுவனம், பாதுகாப்புடன் தொடர்பில்லாத விருப்பத் தெரிவான திருத்தங்களை அவ்வாண்டு மே மாதத்திலிருந்து சிறிது காலத்துக்கு நிறுத்திவைத்து, பாதுகாப்புத் திருத்தங்களை மாத்திரம் வெளியிட்டது.

அந்த வாரங்களில் கணினிப் பிரிவினர் கற்றுக்கொண்ட முதற் பாடம், எல்லாவற்றையும் மறைவழிக்குள் திணிக்கக்கூடாது என்பதாகும். நிறுவனத்தின் கணக்குகளும் கோப்புகளும் மறைவழியில் செல்லட்டும். மைக்ரோசொஃப்ட் தனது சேவையகத்தில் உலகத்தார் அனைவருக்கும் பொதுவாக வைத்திருக்கும் திருத்தக் கோப்பு ஏன் செல்ல வேண்டும்? அது எண்முறை ஒப்பம் இடப்பட்டது. வழியில் எவரேனும் கைவைத்தால் கணினி ஏற்றுக்கொள்ளாது. ஆகவே, எந்தத் திருத்தத்தை ஏற்றுவது என்ற அனுமதியை அலுவலகச் சேவையகம் கொடுக்கும். கோப்பை மட்டும் கணினி நேரடியாக இணையத்திலிருந்து எடுத்துக்கொள்ளும். இந்த வசதி பழைய சேவையக மென்பொருளிலும் இருந்தது. ஒரு தெரிவை மாற்றினாற் போதும். அலுவலகத்தின் இணைப்பு ஒரே இரவில் மூச்சு விட்டது.

இந்த இடத்தில்தான் நமது கேள்வி பிறக்கின்றது. அலுவலகத்தின் தோளிலிருந்து இறக்கப்பட்ட அந்த 120 ஜிகாபைட் மறைந்துபோய்விடவில்லை. அது இருநூறு வீடுகளுக்குப் பங்கிடப்பட்டது. தொழினுட்ப ரீதியில் மிகச் சரியான தீர்வுதான். அதை நான் மறுக்கவில்லை. ஆனால் அந்தத் தீர்வு செலவை நிறுவனத்தின் பேரேட்டிலிருந்து ஊழியரின் சமையற்கட்டுச் செலவுக் கொப்பிக்கு மாற்றியது. அதைப் பற்றி எந்தச் சுற்றுநிருபமும் பேசவில்லை.

விண்டோஸ், அலுவலக மென்பொருட்கள், உலாவி, வைரஸ் எதிர்ப்பு மென்பொருள் எல்லாவற்றுக்குமாகச் சேர்த்து ஒரு கணினிக்கு மாதம் 2 ஜிகாபைட் என்று வைத்துக்கொண்டால் வருடத்துக்கு 24. வருடத்துக்கொரு முறை வரும் பெரும் பதிப்பு மாற்றம் ஒரு 4. ஆக 28 ஜிகாபைட். இருநூறு பேருக்கு 5,600. இதை ஒரு நிறுவனம் மொத்தமாக விலைபேசி வாங்கியிருந்தால் ஒரு தொகை. இருநூறு பேர் சில்லறையாக, அதுவும் மாத முடிவில் டேட்டா தீர்ந்துபோய் மேலதிகப் பொதி போட்டு வாங்கினால் இன்னொரு தொகை. ஒருவருக்குப் பார்த்தால் சிறு தொகையாகத் தோன்றலாம். சிறு தொகை என்று சொல்பவர்கள் பெரும்பாலும் அதைக் கட்டாதவர்கள்.

வேறொரு விசித்திரமும் நடந்தது. ஊரடங்குக் காலத்தில் தொலைத்தொடர்பு நிறுவனங்கள் வீட்டிலிருந்து வேலை செய்வோருக்கும் படிப்போருக்கும் எனக் குறைந்த விலையில் பொதிகளை அறிமுகம் செய்தன. சூம், ரீம்ஸ் போன்ற குறிப்பிட்ட செயலிகளுக்கு மாத்திரம் செல்லுபடியாகும் பொதிகள் அவற்றில் அடங்கும். நல்ல காரியம். ஆனால் அந்தச் செயலி ஓடும் கணினிக்கு வரும் திருத்தம் அந்தப் பொதிக்குள் அடங்காது. அது பொது டேட்டாவில்தான் கழியும். பொது டேட்டா இல்லாதவரின் கணினி திருத்தம் பெறாமலே மாதக்கணக்காகக் கூட்டங்களில் கலந்துகொண்டிருக்கும். கூட்டத்துக்கு வழியுண்டு, கதவுக்குப் பூட்டில்லை.

ஒரு வீட்டில் இருந்தது ஒரேயொரு ரூட்டர். அதன் கீழே தாயின் அலுவலகக் கணினி, தகப்பனின் கைப்பேசி, மூத்த பிள்ளையின் உயர்தர வகுப்பு, இளையதின் ஐந்தாந்தரப் புலமைப்பரிசில் வகுப்பு. விண்டோஸில் பின்னணியில் பதிவிறக்கும் சேவை ஒன்று 2001ஆம் ஆண்டு எக்ஸ்பி பதிப்பிலிருந்தே உண்டு. பயனாளர் இணையத்தைப் பாவிக்காத இடைவெளி பார்த்துச் சிறிது சிறிதாக இறக்குவது அதன் இயல்பு. மிகவும் நாகரிகமான சேவை என்றுதான் சொல்ல வேண்டும். ஆயினும் அது பெரும்பாலும் தான் இருக்கும் கணினியின் போக்குவரத்தை மட்டுமே அறியும். தாயின் கணினி சும்மா இருப்பதைக் கண்டு, இதோ இடைவெளி என்று அது இறக்கத் தொடங்கும்போது, பக்கத்து அறையில் பிள்ளையின் ஆசிரியர் பலகையில் பாதி எழுதியபடி உறைந்துபோய் நிற்பார். பிள்ளை “அம்மா, நெற் நிண்டிட்டுது!” என்று கத்தும். தாய்க்கோ தனது கணினி அப்படி என்ன செய்கின்றது என்பது தெரியாது. அலுவலகம் வழங்கிய கணினியாதலால் அதன் தெரிவுகளை மாற்றும் அதிகாரமும் அவருக்கு இல்லை.

அந்த நாட்களில் பிள்ளைகள் சமிக்ஞை தேடி மரத்திலும் பாறையிலும் ஏறியதை நாம் செய்தியாக வெளியிட்டோம். வீட்டுக்குள்ளேயே இருந்த இந்தப் போட்டியைச் செய்தியாகக் கருதவில்லை.

பின்னர் 2022 வந்தது. மார்ச் 31ஆந் திகதி பதின்மூன்று மணித்தியால மின்வெட்டு. ஜூன் மாதத்தில் எரிபொருள் இல்லாத காரணத்தால், அத்தியாவசிய சேவையினர் தவிர்ந்த அரச ஊழியர்கள் 20ஆந் திகதி முதல் இரண்டு வாரங்களுக்கு வீட்டிலிருந்து வேலை செய்யுமாறு அறிவிக்கப்பட்டது. நோய்க்காக வீட்டில் இருந்தவர்கள் இப்போது பெற்றோலுக்காக வீட்டில் இருந்தார்கள். மின்வெட்டு நேரத்தில் எல்லாம் நின்றுவிடும். மின்சாரம் திரும்பியதும் ஒரு பகுதியிலுள்ள அத்தனை ரூட்டர்களும் ஒரே கணத்தில் விழித்துக்கொள்ளும். தவறவிட்ட திருத்தங்களை எல்லாக் கணினிகளும் ஒருசேரத் தேடும். கிடைத்த இரண்டு மணி நேர மின்சாரத்தில் முதல் அரை மணி நேரத்தை அப்டேட் தின்றுவிடும். அவ்வாண்டு செப்டெம்பர் 5ஆந் திகதி முதல் தொலைபேசி, இணையக் கட்டணங்கள் 20 வீதத்தால் உயர்த்தப்பட்டன. 2024 ஜனவரியில் பெறுமதிசேர் வரி 18 வீதமாயிற்று. ஒவ்வோர் உயர்வும் அலுவலகத்தின் திருத்தத்தை ஊழியரின் வீட்டில் இறக்கும் செலவையும் சேர்த்தே உயர்த்தியது.

இவற்றையெல்லாம் படிக்கும் சிலர், ‘அப்படியானால் அப்டேட்டை நிறுத்திவிட்டாற் போயிற்று’ என்பார்கள். பல வீடுகளில் அதுவே நடந்தது. விண்டோஸில் ஓர் இணைப்பை ‘அளவிடப்பட்ட இணைப்பு’ என்று குறித்துவிட்டால், சில முக்கியமானவை தவிர்ந்த ஏனைய திருத்தங்கள் தாமாக இறங்குவது நின்றுவிடும். டேட்டா மீதமாவதைக் கண்ட ஒருவர் அடுத்தவருக்குச் சொல்ல, அவர் மற்றவருக்குச் சொல்ல, அந்த வித்தை வேகமாகப் பரவியது. ஊழியரைக் குறைகூற முடியாது. தமது பணத்தைத் தாம் காப்பாற்றிக்கொள்கின்றார்கள். ஆனால் விளைவு பாரதூரமானது.

2017 மே 12ஆந் திகதி ‘வன்னாகிறை’ என்னும் கப்பப்பண மென்பொருள் உலகெங்கும் பரவியது. பிரித்தானியாவின் தேசிய சுகாதார சேவையின் வைத்தியசாலைகள் நோயாளரைத் திருப்பி அனுப்ப நேரிட்டது. அது நுழைந்த ஓட்டையை அடைக்கும் திருத்தத்தை மைக்ரோசொஃப்ட் மார்ச் 14ஆந் திகதியே வெளியிட்டிருந்தது. இரண்டு மாதகாலம் கையிலிருந்தது, ஏற்றாதவர்கள் அடிபட்டார்கள்.

அவ்வளவு தூரம் போகத் தேவையில்லை. 2023 ஓகஸ்டில் நமது அரசாங்கத்தின் மின்னஞ்சல் முறைமை கப்பப்பணத் தாக்குதலுக்கு இலக்காகியது. அரச திணைக்களங்களின் ஏறத்தாழ ஐயாயிரம் மின்னஞ்சல் முகவரிகளில், அவ்வாண்டு மே 17 தொடக்கம் ஓகஸ்ட் 26 வரையான கடிதங்கள் அழிந்தன. அமைச்சரவை அலுவலகமும் அதில் அடக்கம். அந்தக் காலப்பகுதிக்குரிய பிரதிகள் வேறிடத்தில் எடுத்துவைக்கப்பட்டிருக்கவில்லை. இயங்கிக்கொண்டிருந்தது மைக்ரோசொஃப்ட் எக்ஸ்சேஞ்சின் 2013ஆம் ஆண்டுப் பதிப்பு. அதற்கான ஆதரவு அந்த ஏப்பிரலிலேயே முடிவடைந்திருந்தது. புதிய பதிப்புக்கு மாறும் திட்டம் பல காலமாக இருந்ததாகவும் நிதிப் பற்றாக்குறையால் தாமதமானதாகவும் விளக்கம் தரப்பட்டது. ஓர் அரசாங்கமே காசில்லை என்று திருத்தத்தைத் தள்ளிப்போட்டது. மாதக் கடைசியில் டேட்டா தீர்ந்த ஓர் எழுதுவினைஞர் தள்ளிப்போடுவதில் என்ன வியப்பு?

ஆகவே திருத்தம் இறங்கத்தான் வேண்டும். எப்போது, எவ்வழியாக, எவர் செலவில் என்பதே பேசப்பட வேண்டியது.

பத்திரிகைத் தொழிலில் இருந்தவர்களுக்கு இந்தச் சிக்கல் புதியதன்று. வெளிமாவட்டப் பதிப்பு முதலில் அச்சாகி இரவுத் தபால் ரயிலுக்குப் போகும். நகரப் பதிப்பு கடைசியில் அச்சாகி விடியற்காலையில் கடைக்கு வரும். எல்லாக் கட்டுகளையும் ஒரே நேரத்தில் ஒரே வாசலால் வெளியேற்ற எவரும் எண்ணியதில்லை. 2006 ஓகஸ்டில் ஏ-9 பாதை மூடப்பட்டபின் அச்சுத்தாள் தட்டுப்பாட்டால் யாழ்ப்பாணத்து நாளிதழ்கள் பக்கங்களைச் சுருக்கின. எதை விடுவது, எதை விடக்கூடாது என்று ஆசிரியபீடம் இரவிரவாகத் தீர்மானித்தது. சோதிடத்தை விட்டார்கள், மரண அறிவித்தலை விடவில்லை.

கணினித் திருத்தத்திலும் மரண அறிவித்தலும் உண்டு, சோதிடமும் உண்டு. பாதுகாப்பு ஓட்டையை அடைக்கும் திருத்தம் முதல்வகை. அதை ஒரு வாரத்துக்குள், தாக்குதல் நடந்துகொண்டிருக்கும் ஓட்டையாயின் இரண்டொரு நாட்களுக்குள் ஏற்ற வேண்டும். புதிய நிறத்தில் பொத்தான், புதிய படத்தொகுப்பு, எவரும் கேளாத உதவியாளன் ஆகியவற்றைக் கொண்டுவரும் பெரும் பதிப்பு மாற்றம் இரண்டாம் வகை. அது ஊழியர் அலுவலகத்துக்கு வரும் நாள் வரையும் காத்திருக்கலாம். இப்போது பல நிறுவனங்கள் வாரத்தில் இரண்டு மூன்று நாட்களேனும் ஊழியரை அலுவலகத்துக்கு அழைக்கின்றன. அந்த நாட்களில் உள்வலையமைப்பில் அந்த 4 ஜிகாபைட்டை ஏற்றிவிட்டால் வீட்டுக்கு எஞ்சுவது சிறிய கோப்புகளே. விண்டோஸ் 11இல் திருத்தங்களின் பருமன் 40 வீதம் குறைந்துள்ளதாக மைக்ரோசொஃப்ட் அதை அறிமுகப்படுத்திய 2021இல் கூறிற்று.

கொழும்பில் தனியார் நிறுவனமொன்றின் கணினிப் பிரிவிற் பணிபுரியும் இளைஞரொருவருடன் இது பற்றி உரையாடினேன். “ஐயா, எங்களுக்குத் தேவையான ஆளிகள் எல்லாம் விண்டோஸிலயே இருக்கு. எத்தனை மணிக்கு எவ்வளவு வேகத்தில இறக்கலாம் எண்டு நாங்களே குறிச்சுவிடலாம். ஆனால் மேலிடம் எங்களிட்டக் கேக்கிறது ஒண்டுதான், எத்தனை வீதம் கணினி அப்டேட் ஆயிற்று எண்டு. அது யாற்ற டேட்டாவில ஆயிற்று எண்டு ஒருத்தரும் கேக்கிறேல்லை” என்றார் அவர்.

அந்தத் தம்பி சொன்ன ஆளிகள் உண்மையிலேயே உள்ளன. பகல் வேலை நேரத்தில் இணைப்பின் பத்திலொரு பங்குக்கு மேல் எடுக்காதே, இரவில் முழுவதையும் எடுத்துக்கொள் என்று கட்டளையிடலாம். ஒரே வீட்டில் இரண்டு விண்டோஸ் கணினிகள் இருந்தால் ஒன்று இறக்கியதை மற்றது அதனிடமிருந்து பெற்றுக்கொள்ளச் செய்யலாம். இந்தப் பகிர்வை வீட்டு வலையமைப்போடு நிறுத்தவும் வேண்டும். இணையத்திலுள்ள முன்பின் அறியாத கணினிகளுக்கும் வழங்குமாறு விட்டுவிட்டால், பதிவேற்றமும் கணக்கிற் சேரும் பொதியை வைத்திருப்பவர் ஊருக்கெல்லாம் தண்ணீர் இறைத்தவராகிவிடுவார். எல்லாருக்கும் ஒரே நாளில் அனுப்பாமல், முதலில் பத்துப் பேர், இரண்டு நாள் கழித்து ஐம்பது பேர், பின்னர் மற்றவர்கள் என்று அலையலையாக அனுப்பலாம். இதில் இன்னொரு நன்மையும் உண்டு. 2024 ஜூலை 19ஆந் திகதி கிரவுட்ஸ்ரைக் நிறுவனம் தனது பாதுகாப்பு மென்பொருளுக்கு அனுப்பிய பழுதான ஒரு கோப்பு உலகெங்கும் ஏறத்தாழ 85 இலட்சம் விண்டோஸ் கணினிகளை நீலத்திரையில் நிறுத்தியது, விமானங்கள் பறக்கவில்லை. எல்லாருக்கும் ஒரே நேரத்தில் அனுப்பியதன் பலன் அது. வீட்டில் இருக்கும் ஊழியரின் கணினி அவ்வாறு விழுந்துவிட்டால் அதைத் தூக்கி நிறுத்தக் கணினிப் பிரிவினர் வத்தளைக்கும் பாணந்துறைக்கும் ஆள் அனுப்ப வேண்டியிருக்கும்.

இரவில் இறக்குவது பற்றி ஒரு வார்த்தை. மடிக்கணினியை மின்னிணைப்பில் வைத்து, மூடாமல், இரவிரவாக விட்டுவிடுங்கள் என்று சில நிறுவனங்கள் அறிவுறுத்துகின்றன. இதை எழுதியவர்கள் நமது வீடுகளை அறியாதவர்கள். ஒக்டோபர், நவம்பர் மாதங்களில் மாலை இடி முழங்கியதும் வீட்டிலுள்ள அத்தனை செருகியையும் கழற்றிவிடுவது நமது அம்மாமாரின் பழக்கம். ரூட்டர்தான் முதலில் கழற்றப்படும். அது மூடநம்பிக்கையன்று; இடியில் கருகிய ரூட்டர்களைத் திருத்துபவரிடம் கேட்டுப்பாருங்கள். அத்துடன் மின்கட்டணமும் ஊழியருடையதே. இரவு முழுவதும் கணினியை விழிக்க வைப்பதற்குப் பதிலாக, காலை ஏழு மணிக்கு ஒரு தடவை திறந்து வைத்துவிட்டுத் தேநீர் குடியுங்கள், அந்த ஒரு மணி நேரத்தில் வேகக் கட்டுப்பாடின்றி இறங்கட்டும் என்று சொல்லலாம். மலிவு நேரமும் தவறாது.

செலவு பற்றிய எனது நிலைப்பாடு தெளிவானது. கணினி நிறுவனத்தினது, அதிலுள்ள தகவல் நிறுவனத்தினது, 2022ஆம் ஆண்டின் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் தகவலைப் பாதுகாக்கும் பொறுப்பைச் சுமத்துவதும் நிறுவனத்தின் மீதே. எனவே அந்தப் பாதுகாப்புக்கான டேட்டாவும் நிறுவனத்தினதாகவே இருத்தல் வேண்டும். நமது கடை, அலுவலக ஊழியர் சட்டம் 1954ஆம் ஆண்டுக்குரியது. வீட்டில் இருக்கும் ரூட்டரை அது அறியாது. சட்டம் திருந்தும்வரை காத்திராமல், வீட்டிலிருந்து வேலை செய்யும் நாட்களுக்கென ஒரு மாதாந்தக் கொடுப்பனவையோ, நிறுவனத்தின் பெயரில் பெற்ற ஒரு டொங்கிளையோ வழங்குவது எந்த நடுத்தர நிறுவனத்தையும் வங்குரோத்தாக்கிவிடாது. சில நிறுவனங்கள் வழங்குகின்றன. வழங்குவோரிலும் பலர் நிர்வாகத் தரத்தினருக்கு முழுக் கட்டணத்தையும் எழுதுவினைஞருக்கு ஒன்றுமில்லாமலும் செய்திருப்பதுதான் வேடிக்கை. முகாமையாளரின் கணினிக்கு வரும் அதே 600 மெகாபைட்தான் எழுதுவினைஞரின் கணினிக்கும் வருகின்றது.

தொலைத்தொடர்பு நிறுவனங்களும் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவும் செய்யக்கூடியதொன்று உண்டு. 2020இல் பல்கலைக்கழக மாணவர்கள் தமது கற்றல் தளங்களைக் கட்டணமின்றி அணுகுவதற்கு, லேர்ன் எனப்படும் கல்வி, ஆராய்ச்சி வலையமைப்பின் ஊடாக ஏற்பாடு செய்யப்பட்டது. ஆணைக்குழுவும் சேவை வழங்குநர்களும் மனம்வைத்ததால் அது நடந்தது. பாதுகாப்புத் திருத்தங்களுக்கும் அவ்வாறு ஒரு விலக்கு ஏன் இருக்கக்கூடாது? திருத்தக் கோப்புகள் வேறு பல விடயங்களோடு கலந்து பொதுச் சேவையகங்களிலிருந்து வருவதால் பிரித்தறிவது கடினம் என்பார்கள். அதில் உண்மையுண்டு. ஆனால் இணைய வழங்குநர் தமது வலையமைப்புக்கு உள்ளேயே திருத்தக் கோப்புகளைச் சேமித்துவைத்து வழங்கும் ஏற்பாட்டை மைக்ரோசொஃப்ட் முன்வைத்துள்ளது. அப்படி வைத்தால் அந்தக் கோப்பு கடலடி வடத்தில் ஒரு முறை வந்தாற் போதும். ஆயிரம் வீடுகளுக்கு உள்நாட்டிலிருந்தே போகும். வழங்குநருக்கு வெளிநாட்டுப் பட்டையகலம் மிச்சம். அந்த மிச்சத்தில் ஒரு பங்கு வாடிக்கையாளருக்கு வரவேண்டாமா? உள்நாட்டிலிருந்து வந்தாலும் வெளிநாட்டிலிருந்து வந்தாலும் ஒரே விலையில் கழிக்கும் பொதியில் அது வராது.

இதைக் காலங்கடந்த பேச்சு என்று கருதுவோருக்கு ஒன்று. விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 ஒக்டோபர் 14ஆந் திகதியுடன் முடிவடைந்தது. தனிப்பட்ட பாவனையாளருக்கு நீடிக்கப்பட்ட பாதுகாப்புத் திருத்தங்களும் 2026 ஒக்டோபர் 13 வரைக்கு மாத்திரமே. நமது நாட்டில் அலுவலக வேலையைத் தமது சொந்தக் கணினியிலேயே செய்துகொடுக்கும் ஊழியர்கள் ஏராளம். ஊரடங்கின்போது ‘இருக்கிறதை வைத்துச் சமாளியுங்கள்’ என்று சொல்லப்பட்டவர்கள் இன்னும் சமாளித்துக்கொண்டே இருக்கின்றார்கள். அந்தக் கணினிகளிற் பல விண்டோஸ் 11ஐ ஏற்கும் தகுதியற்றவை. தகுதியுள்ளவற்றுக்குப் பல ஜிகாபைட் பருமனான கோப்பு இறங்க வேண்டும். அதை அலுவலகத்துக்குக் கொண்டுவந்து ஏற்றிச்செல்ல ஒரு சனிக்கிழமையை ஒதுக்குவதா, வீட்டில் இறக்குவதற்கு டேட்டா வழங்குவதா, தகுதியற்ற கணினிக்குப் பதிலாக வேறொன்றைக் கொடுப்பதா என்பதை நிறுவனங்கள் முன்கூட்டியே எழுத்தில் அறிவிக்க வேண்டும். கணினிப் பிரிவினரிடம் மாத்திரம் விடாமல், நிதிப் பிரிவின் தலைவரும் கையொப்பமிட்ட அறிவித்தலாக அது இருக்கட்டும்.